கண்நீரா, கண்ணீரா? கிளாக்கோமா என்ற சொல்லும் அதன் தமிழும்

பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் இந்த நோயின் பெயரைத் தமிழில் பலவிதமாக எழுதுகிறார்கள்: கிளாக்கோமா, கிளாகோமா, க்ளாக்கோமா, குளுக்கோமா. கடைசி வடிவத்தை மட்டுமாவது கைவிட வேண்டும். அதில் குளுக்கோஸின் சாயல் விழுகிறது. ‘எனக்குச் சர்க்கரை இல்லையே’ என்று ஒருவர் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட அதுவே போதும். இரண்டுக்கும் வேர் வேறு. குளுக்கோஸ் என்பது இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. கிளாக்கோமாவுக்கு மூலம் ‘கிளௌகோஸ்’; நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்து கடல்நீர் போல மினுங்கும் நிறம் அது. ஹோமரின் காவியங்களில் அதீனா தேவியின் கண்களுக்கு அடைமொழியாக வருவதும் இச்சொல்தான்.

பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவச் சூத்திரங்களில், முதுமையில் வரும் நோய்களின் வரிசையில் இந்தச் சொல்லின் ஒரு வடிவம் இருக்கிறது. ஆனால் அன்று அது சுட்டியது இன்றைய கிளாக்கோமாவை மட்டும் அல்ல. கண்மணியின் நிறம் மாறிப் பார்வை போன நிலைக்கெல்லாம் அந்தப் பெயர் பொருந்தியது. கண்புரையும் அதற்குள் அடக்கம். 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுள் நோக்கும் கருவியை அறிமுகப்படுத்திய பிறகே, உயிருள்ள கண்ணில் பார்வை நரம்பின் முகப்பைக் காண முடிந்தது. அது கிண்ணம் போலக் குழிந்திருப்பது தெரிந்த பிறகே நோயின் உண்மையான இடம் பிடிபட்டது.

பழைய குழப்பம் பல மொழிகளில் பெயராகவே தங்கிவிட்டது. அரபியில் கண்புரை ‘வெள்ளை நீர்’, கிளாக்கோமா ‘நீல நீர்’. இந்தியில் இது ‘காலா மோதியா’, அதாவது கறுப்புக் கண்புரை. ஜெர்மன் மொழியிலும் ஒன்று சாம்பல், மற்றது பச்சை. இப்படி உறவுமுறைப் பெயர் வைத்தால், கண்புரை போலவே ‘முற்றட்டும், அறுவை செய்தால் பார்வை திரும்பிவிடும்’ என்ற எண்ணம் வரும். கண்புரையில் பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காக்கத்தான் முடியும்.

தமிழ் இந்த வழியில் போகவில்லை. நிறத்தை விட்டுவிட்டு, அழுத்தத்தைக் கொண்டு பெயர் வைத்தது நல்ல முடிவு. கண் அழுத்த நோய், கண்நீர் அழுத்த நோய் என இரண்டும் வழக்கில் உள்ளன. இரண்டாவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ணகர மெய்யை அடுத்து வரும் நகரம் ணகரமாகத் திரியும் என்பது புணர்ச்சி விதி. தண் + நீர் தண்ணீர் ஆவது போல, கண் + நீர் கண்ணீர்தான் ஆகும். மெய்ப்புப் பார்ப்பவர் விதிப்படி திருத்தினால் ‘கண்ணீர் அழுத்த நோய்’ என்று அச்சாகும். படிப்பவர் அழுகைக் கண்ணீரை நினைத்துக்கொள்வார்.

இங்கே பேசப்படும் நீர் வேறு. கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ் படலத்துக்குப் பின்னால், கண்ணுக்குள்ளேயே நிமிடத்துக்குச் சுமார் 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வரை ஒரு தெளிந்த திரவம் சுரக்கிறது. அது கண்மணி வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழியும் ஐரிஸ் படலமும் சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடைத் திசு வழியே வடிந்து, இரத்தத்தில் கலக்கிறது. கன்னத்தில் வழியும் கண்ணீருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சல்லடை மெல்ல அடைபட்டு அழுத்தம் கூடினால் திறந்த கோண வகை, வலியே இராது. கோணமே மூடிக்கொண்டால் மூடிய கோண வகை. அது திடீரென மூடும்போது கண்ணிலும் தலையிலும் கடும் வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் எல்லாம் வரும். ஒற்றைத் தலைவலி என்றோ பித்தம் என்றோ ஒரு நாள் காத்திருப்பதே பார்வையைப் பறித்துவிடலாம். அழுத்தம் குறைந்ததும் லேசரால் ஐரிஸில் நுண்துளை இடுவார்கள். வலிக்காத மறு கண்ணுக்கும் முன்காப்பாக அதைச் செய்வது வழக்கம்.

எங்கள் பரிந்துரை ‘கண் அழுத்த நோய்’. அதுவும் குறையற்றது அல்ல. வழக்கமான அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்பார்கள், ஆனால் 16-இல் நரம்பு கெட்டவர்களும் உண்டு, 24-இல் கெடாதவர்களும் உண்டு. அளவுகோலிலேயே பிழை வரலாம். கருவிழி தடித்திருந்தால் அழுத்தம் கூடுதலாகவும், மெலிந்திருந்தால் குறைவாகவும் காட்டும். அதனால்தான் கருவிழித் தடிப்பையும் அளக்கிறார்கள். கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பது, கண்மணியை விரித்து நரம்பின் குழிவைப் பார்ப்பது, பார்வைப் புல சோதனை, நரம்பின் இழைகளை ஒளியால் அளக்கும் ஓ.சி.டி. படம் ஆகியவை சேர்ந்தால்தான் முடிவு சொல்ல முடியும். கோணம் பார்க்கும் முன் கண்மணியை விரிக்கக் கூடாது. குறுகிய கோணம் அப்போதே மூடிக்கொள்ளலாம். காற்றை ஊதி அழுத்தம் மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்பது பரிசோதனை ஆகாது. தமிழ்நாட்டில் நடந்த பெரிய கள ஆய்வுகளில், நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அதுவரை அறியாமலே இருந்தார்கள். 40 வயதைத் தாண்டியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் காத்திருக்க வேண்டாம்.

சிகிச்சை வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. சென்னை அரசு கண் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர்.எச். எலியட், விழியின் வெள்ளைப் பகுதியில் வட்டத் துளையிட்டுத் திரவத்துக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையை 1909-இல் வெளியிட்டார். இன்றைய வடிகால் அறுவைகளும் அதே எண்ணத்தில் நிற்பவை.

பெரும்பாலோர்க்குச் சொட்டு மருந்தே முதல் படி. ஒரு சொட்டே போதும். இமைக்குழியில் இரண்டாவதற்கு இடம் இல்லை. கீழிமையை இழுத்துச் சொட்டை விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்து உள்மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியே உடலுக்குள் போய்விடும். டைமோலால் என்ற அழுத்தக் குறைப்பு மருந்து அப்படி இறங்கினால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலே வரலாம். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி வேண்டும்.

கண்ணீருக்குத் தொடர்பு உண்மையில் வேறொரு நோயோடு. அதற்குக் கண் உலர்வு, கண் வறட்சி என இரு சொற்கள். இவற்றை ஒன்றாக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. துணி உலர்கிறது, கிணறு வறள்கிறது. இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டுக் கண்ணீர் விரைவில் ஆவியானால் அது உலர்வு. வெதுவெதுப்பான ஒத்தடம் 10 நிமிடம் கொடுத்து இமையை விளிம்பை நோக்கி நீவ வேண்டும். கண்ணீரே சுரக்காவிட்டால் வறட்சி. கண்ணீரை அளக்கும் 35 மி.மீ. நீளமுள்ள ஷிர்மர் தாள் கீற்றை இமையில் செருகி, 5 நிமிடத்தில் 5 மி.மீ. கூட நனையாவிட்டால் வறட்சி கடுமையானது. உலர்ந்த கண் எரிச்சலில் அனிச்சையாக நீரைக் கொட்டும். ‘கண்ணில் தண்ணீர் வருகிறதே, எப்படி உலர்வு?’ என்ற கேள்விக்கு இதுவே பதில்.

இரண்டு நோய்களும் ஒரே கண்ணில் சந்திப்பது சொட்டுக் குப்பியில்தான். பல கிளாக்கோமா மருந்துகளில் கெடாமல் காக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு, ஆண்டுக்கணக்கில் விழும்போது கண்ணீர்ப் படலத்தைக் குலைக்கிறது. எரிகிறது என்று மருந்தை நிறுத்தினால் நரம்பு கெடும். காப்புப்பொருள் சேர்க்காத வகை உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். செயற்கைக் கண்ணீரும் போடுவதாக இருந்தால், முதலில் அழுத்தத்துக்கான மருந்து, ஐந்து பத்து நிமிடம் கழித்துச் செயற்கைக் கண்ணீர், கூழ் வடிவ மருந்து இருந்தால் அது கடைசியில்.