மாட்டுக்குப் பல் பார்க்கத் தெரிந்தவர்கள்

கோபி பக்கம் ஒரு கிராமத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாதம் தவறாமல் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஒரு அம்மா இரண்டு மாதமாக வரவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் மஞ்சப்பையோடு வந்து, பிரிக்காத மெட்ஃபார்மின் அட்டைகளை மேசைமேல் வைத்தார். "இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா தம்பி? இதைத் தின்னா கிட்னி போயிருமாமுங்க, போன்ல ஒரு டாக்டரே சொல்றாருங்க."

போனை வாங்கி அந்த வீடியோவைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு இருக்கிறது, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இருக்கிறது, பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. வீடியோவின் கடைசியில் ஒரு பொடி டப்பாவும் போன் நம்பரும்.

சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை, மெட்ஃபார்மின் அல்ல. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் டாக்டர் அதன் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். அந்த அரை உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் பொடி விற்கிறார்கள்.

பெரியவர்களிடம் போனைப் பார்க்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. பிள்ளைகள் வெளியூரில், தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவர்களுக்குச் சாயந்திரம் கதவைச் சாத்தினால் அந்தப் போன்தான் துணை. அதனால் மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பெரியவரிடம் கேட்டேன், "கருங்கல்பாளையம் சந்தையில விக்கிறவன் நல்ல மாடுன்னு சொன்னா உடனே புடிச்சுட்டு வந்துருவீங்களா?" "அதெப்படிங்க, பல்லைப் பாக்கோணும், நடக்க உட்டுப் பாக்கோணும், கறந்து பாக்கோணும்" என்றார். அதே கண்தான் இதற்கும் வேண்டும்.

வீடியோவை முதலில் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள், என்ன விற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, ஆகவே அப்படிச் சொல்பவர் முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொள்கிறார். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்த செய்தி, முதலில் யார் சொன்னது என்று அனுப்பியவருக்கே தெரியாது.

தேடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மைக்கைத் தொட்டு "சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்று சொன்னால் அதைச் சொல்லும் வீடியோக்களே வரிசையாக வந்து நிற்கும். மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கினால் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் பெயரும் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லி "எதற்கு, பக்கவிளைவு என்ன" என்று கேளுங்கள். தளத்தின் முகவரி கவ் டாட் இன் (.gov.in) என்று முடிந்தால் அரசுத் தளம். உலக சுகாதார நிறுவனத்தின் தளமும் நம்பலாம். படிக்கச் சிரமமா, அரசின் சுகாதார உதவி எண் 104க்கு அடித்தால் தமிழிலேயே சொல்வார்கள், காசு கிடையாது. எதைப் படித்தாலும் சரி, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

அந்த அம்மா மறுபடியும் மாத்திரை போடுகிறார். போன வாரம் போனை நீட்டினார், இந்துப்பு போட்டால் ரத்தக்கொதிப்பு வராது என்று ஒரு வீடியோ. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "கடைசிவரைக்கும் தள்ளிப் பாத்துட்டேனுங்க தம்பி, உப்புப் பாக்கெட்தான் விக்கறாங்க. அதுலயும் சோடியந்தானுங்களே இருக்குது?"

ஆமாங்க என்றேன்.