மிதவை சொல்வது கடலின் சராசரி அல்ல

"மிதவைகள் அளந்த செங்குத்து வேகத்தின் சராசரி கீழ்நோக்கி இருக்கிறது, ஆகவே அந்தப் பகுதியில் கடல் நீர் ஒட்டுமொத்தமாகக் கீழே இறங்குகிறது." (மிதவை என்பது கடலுக்குள் ஓர் ஆழத்தில் மிதந்தபடி, தன்னைக் கடந்து மேலும் கீழும் போகும் நீரின் வேகத்தை அளக்கும் கருவி.) இதே முடிவோடு இன்னொரு ஆய்வுக் கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்திருக்கிறது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

குளிர்காலத்தில், கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள லாப்ரடார் கடலிலும் மத்தியதரைக் கடலின் லயன் வளைகுடாவிலும் மேற்பரப்பு நீர் குளிர்ந்து, கனத்து, மூழ்குகிறது. சுமார் 1 கி.மீ. அகலத் தாரைகள் நொடிக்கு 5 முதல் 10 செ.மீ. வேகத்தில் இறங்கும். சுற்றிலும் அதே அளவு நீர் மெதுவாக மேலே வந்தே தீரும். பரப்பு முழுவதற்கும் சராசரி எடுத்தால் ஏறக்குறைய பூஜ்யம்தான். இறங்கும் நீர் வேறு எங்கே போகும்?

அப்புறம் மிதவை ஏன் கீழ்நோக்கு வேகம் காட்டுகிறது? அதன் அளவீடு சரிதான், அது நிற்கும் இடம்தான் பாரபட்சமானது. பெரும்பாலான மிதவைகளின் கூடு கடல் நீரை விடக் குறைவாகவே அமுங்கும். தாரை அதைக் கீழே தள்ளினால், சுற்றியுள்ள நீரின் அடர்த்தி மிதவையினுடையதை விட அதிகமாகி, அது தன் ஆழத்துக்கே திரும்புகிறது. ஆக, கிடைமட்டமாக நீரோடு போகும், செங்குத்தாகப் போகாது. இப்படி நீர் மேலும் கீழும் கலக்கும் கலவை அடுக்கின் மேல்பாதியில் நீர் தாரைகளை நோக்கிக் குவிகிறது. ஆற்றுச் சருகுகள் ஒரே கோட்டில் போய் ஒதுங்குவது போல மிதவைகளும் தாரைகளுக்குள் சேர்ந்துவிடும். மேலேறும் நீரில் அளக்க ஆளே இருக்காது. அடுக்கின் அடியில், தாரை விரியும் இடத்தில், கதை தலைகீழ்: மிதவைகள் மேலேறும் நீரில் சேரும்.

கடலின் கணினி மாதிரியில் நீர்த்துகளைப் பின்தொடர்ந்துவிட்டு அதை மிதவை என்று சொல்லாதீர்கள். தாரைகளையும் பெரிய சுழல்களையும் நேரடியாகக் கணக்கிடும் நுண்கட்ட மாதிரிக்குள் (பெருஞ்சுழல் உருவகப்படுத்தல்) மெய்நிகர் மிதவைகளை விடுங்கள். அவற்றுக்கு மிதப்புவிசை, அமுங்குதன்மை, இழுவிசை மூன்றையும் கொடுங்கள். தாரைகளையே காட்டாத, பல கிலோமீட்டர் கட்டங்கள் கொண்ட மாதிரிகளில் இதைச் செய்வது வீண். உண்மை மிதவைத் தரவை மெய்நிகர் மிதவையோடுதான் ஒப்பிட வேண்டும், மாதிரியின் பரப்புச் சராசரியோடு அல்ல.

நீரோடு மேலும் கீழும் போகும்படி வடிவமைத்த மிதவைகளும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் லாப்ரடார் கடலில் அவற்றைப் பயன்படுத்தினார்கள். அவற்றின் அமுங்குதன்மை கடல் நீருக்கு நெருக்கமானது, இழுவிசைக்குத் துணித் தடுப்பும் உண்டு. ஆனாலும் சிறிது மிதப்பு மிஞ்சினால் பாதை விலகும்.

ஒரு வேண்டுகோள்: கூட்டின் அமுங்குதன்மை, எடைச் சமன், தடுப்பின் பரப்பு ஆகியவற்றைச் செய்முறைப் பகுதியில் எழுதுங்கள். அவை இல்லாமல் உங்கள் மிதவையை யாராலும் மாதிரியில் மறுபடி உருவாக்க முடியாது.