ஹாய்ஸ்ட்: கப்பி என்று சொன்னால் போதாதா?

வீட்டுப் பரணுக்குச் சாமான் ஏற்ற ஒரு சின்ன ஹாய்ஸ்ட் வேண்டும் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டேன். "கையால சங்கிலி இழுக்கிற செயின் பிளாக்கா, மோட்டார் வெச்சதா?" என்றார் கடைக்காரர். கொலு பொம்மைப் பெட்டியை வருஷத்துக்கு ஒரு தரம் இறக்கி ஏற்றத்தான் என்றேன். "அதுக்குக் கப்பியும் கயிறும் போதுமே சார்!" என்றார். அங்கேதான் இந்தச் சொல் ஆராய்ச்சி ஆரம்பித்தது.

ஹாய்ஸ்ட் என்பது பாரத்தை நேராக மேலே ஏற்றி, நேராகக் கீழே இறக்கும் கருவி. கிரேன் ஏற்றுவதோடு நிற்காது, பக்கவாட்டிலும் கொண்டுபோய் வைக்கும். வின்ச் முக்கியமாக இழுப்பதற்கானது. சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கிறார்களே, அது.

சொல் கப்பல்காரர்களிடமிருந்து வந்தது. பாயைக் கயிற்றால் மேலே இழுப்பதை டச்சு மொழியில் 'ஹைசன்' என்பார்கள். அந்தக் குடும்பத்துச் சொல் ஆங்கிலத்துக்குப் போய் முதலில் 'ஹாய்ஸ்' என்றுதான் இருந்தது. கடைசியில் வரும் 'ட்' இறந்தகாலத்தைக் காட்டும் ஒலி. அது அப்படியே ஒட்டிக்கொண்டு, ஹாய்ஸ்ட் என்பதே வினையாகிவிட்டது. பிறகு கருவிக்கும் அதுவே பெயர்.

சொல் பிறந்த பக்கத்தில் பொருளும் இன்னும் கண்ணில் படுகிறது. ஆம்ஸ்டர்டாமின் கால்வாயோரப் பழைய வீடுகளில், முகப்பின் உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் கொக்கியோடு. பெயர் 'ஹைஸ்பால்க்', அதாவது ஏற்றும் உத்தரம். வீடுகள் குறுகல், படிகள் ஏணி போலச் செங்குத்து. பீரோவைப் படியில் ஏற்ற வழியே இல்லை. அதனால் கொக்கியில் கப்பியை மாட்டி, தெருவிலிருந்தே கயிற்றை இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே வாங்குவார்கள். வணிகர்கள் சரக்கு அடுக்கியதும் அந்த மேல்தட்டுப் பரண்களில்தான். பல வீடுகளின் முகப்பு கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தே கட்டப்பட்டிருக்கும். ஏறும் மூட்டை சுவரிலும் ஜன்னலிலும் இடிக்காமல் போக அது உதவும். இன்றும் வீடு மாறும்போது அந்தக் கொக்கிகளுக்கு வேலை உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? பாரந்தூக்கி என்றால் கிரேன் என்றே பழகிவிட்டது. மின்தூக்கி லிஃப்டுக்குப் போய்விட்டது. 'பரண்தூக்கி' என்று புதிதாகச் செய்யலாம்தான், ஆனால் பாரத்தைத் தூக்குவது பாரந்தூக்கி என்றால், பரண்தூக்கி பரணையே தூக்கிக்கொண்டு போய்விடுமே! ஏற்றம் நல்ல பழைய சொல், ஆனால் அதைச் சொன்னதும் கிணற்று மேட்டில் நீர் இறைக்கும் ஏற்றம்தான் நினைவுக்கு வரும்.

கிணறு என்றதும் விடை கிட்டே வந்துவிடுகிறது. வாளியை இழுக்கும் சக்கரத்துக்கு ஊருக்கு ஊர் பெயர் உண்டு: ராட்டினம், சகடை, உருளை, கப்பி. சகடை, சகடம் என்ற சொல்லோடு சேர்ந்தது. செல்வம் 'சகடக்கால் போல வரும்' என்கிறது நாலடியார். அது வண்டிச் சக்கரம். ராட்டினம் என்றால் இப்போது திருவிழாதான் கண்ணில் நிற்கிறது. கப்பிதான் பள்ளிப் பாடநூல் வரை நிலைத்த சொல். (கப்பி ரோட்டின் கப்பி வேறு, அது உடைத்த கல். உடைந்த அரிசியும் கப்பிதான்.)

கப்பி சக்கரம் மட்டும்தானே, முழுக் கருவிக்கும் அந்தப் பெயர் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். செயின் பிளாக்கில் வரும் 'பிளாக்' என்பதே கூட்டோடு கூடிய கப்பிதான். ஆக அது சங்கிலிக் கப்பி. மோட்டார் வைத்த சின்ன ஹாய்ஸ்டுகளின் தகட்டைப் பாருங்கள், பலவற்றில் 125/250 கிலோ என்பது போல இரண்டு எண் இருக்கும். கம்பியை நேராகத் தொங்கவிட்டால் 125. கொக்கியோடு ஒரு கப்பியைச் சேர்த்துக் கம்பியை இரட்டையாக்கினால் அதே மோட்டார் 250 தூக்கும், வேகம் மட்டும் பாதி. அதை மின்கப்பி என்று தாராளமாகச் சொல்லலாம். வீட்டுக்கு மாட்டுவது, கிணற்றுக் கப்பி மாதிரி, பரண் கப்பி.

கணக்கு கைக்கும் அதேதான். மேலே ஒரே கப்பி இருந்தால் 40 கிலோ பெட்டிக்கு 40 கிலோ விசை வேண்டும். கீழ்நோக்கி இழுப்பதால் நம் உடல் எடை துணைக்கு வரும், அவ்வளவே லாபம். பெட்டியோடு சேர்ந்து நகரும் இன்னொரு கப்பி இருந்தால் 20 கிலோ போதும், உராய்வுக்குக் கொஞ்சம் கூட. பதிலுக்கு 3 மீட்டர் ஏற்ற 6 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது: சங்கிலிக் கப்பியில் கையை விட்டாலும் பாரம் நிற்கும், வெறும் கயிற்றில் நிற்காது. அதனால் கயிற்றைக் கட்ட சுவரில் ஒரு முளை வேண்டும். மேல் கொக்கியைக் கான்கிரீட்டிலோ உத்தரத்திலோதான் இறுக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் ஃபேனைக்கூடத் தாங்காது.

இதையெல்லாம் யோசித்துவிட்டு மறுநாள் அதே கடைக்குப் போனேன். பில்லில் அவர் எழுதியது: கப்பி 2, கயிறு 15 மீட்டர், கொக்கி 1.