ஒரு பைட்டில் மூன்று வி-லேன்

“அலுவலகத்தில் இருபது ஸ்விட்ச். புதிதாக ஒரு வி-லேன் சேர்த்தால் இருபதிலும் கையால் எழுத வேண்டுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை. கணினிகளை வலையில் இணைக்கும் பெட்டிகளான ஸ்விட்சுகளே பேசி முடித்துக்கொள்ளும்.

ஒரே வலையமைப்பைத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பதுதான் வி-லேன். ஸ்விட்சுகளுக்கிடையே போகும் ஃப்ரேமில், அதாவது தரவுப் பொட்டலத்தில், 4 பைட் ஒட்டு இருக்கும். அதில் 12 பிட் வி-லேன் எண். 0, 4095 இரண்டையும் கழித்தால் 4094 எண்கள்.

கணினி செருகிய போர்ட்டை (ஸ்விட்சில் கம்பி செருகும் துளையை) மட்டும் 30-ஆம் வி-லேனில் போடுகிறீர்கள். அந்த ஸ்விட்ச் அடுத்ததிடம் “30 வேண்டும்” என்று அறிவிக்கும். அறிவிப்பு வந்த போர்ட்டை அடுத்த ஸ்விட்ச் 30-இல் சேர்த்துவிட்டு, மற்ற போர்ட்டுகள் வழியாகச் செய்தியை மேலே அனுப்பும். அனுப்பிய போர்ட்டுகள் சேர்வதில்லை. அதனால் 30-க்கு ஆளில்லாத கிளைக்குள் அதன் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் அனுப்பும் செய்தி) நுழையாது.

1998-இல் வந்த ஜிவிஆர்பி நெறிமுறை இப்படித்தான் வேலை செய்தது. ஆனால் ஒரு வி-லேனைச் சொல்ல அதற்கு 4 பைட் ஆனது. 4094-ஐயும் சொல்ல 16,376 பைட். 1500 பைட் கொள்ளும் ஃப்ரேம் குறைந்தது 11 வேண்டும். பதிவுகளை அடிக்கடி புதுப்பிக்க வேறு வேண்டும்.

2007-இல், தரநிலைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ கொண்டுவந்த எம்விஆர்பி நெறிமுறை இதைத் தீர்த்த விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்! வி-லேன்களை வரிசையாக வைத்துக்கொண்டால் எண்களை எழுத வேண்டாம், நிலையை மட்டும் எழுதினால் போதும். நான் கேட்கிறேனா இல்லையா, எதிர்ப்பக்கத்துக் கேட்பு என்னிடம் பதிவாகியிருக்கிறதா இல்லையா: நான்கு நிலை. “புதிதாகச் சேர்கிறேன்”, “விலகுகிறேன்” இரண்டும் சேர்ந்தால் 6. ஆறு நிலைகளுக்கு 3 பிட் வேண்டும். மூன்று வி-லேனுக்கு 9 பிட். ஒரு பைட்டில் இருப்பதோ 8!

ஆனால் 6×6×6 = 216. ஒரு பைட்டோ 256 மதிப்புகளைத் தாங்கும். எனவே நிலைகளுக்கு 0 முதல் 5 வரை எண் கொடுத்து, மூன்றையும் ஆறடிமான எண்ணாக்கி (பத்துக்குப் பதில் ஆறின் மடங்குகளில்) எழுதினார்கள். நிலைகள் 2, 4, 1 என்றால் 2×36 + 4×6 + 1 = 97. வாங்குபவர் 97-ஐ 36-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 25. அதை 6-ஆல் வகுத்தால் 4, மீதி 1. மூன்றும் கைக்கு வந்துவிட்டன. 4094 வி-லேனுக்கு 1365 பைட், ஒரே ஃப்ரேம்.

வலையமைப்புக் கருவி நிறுவனமான சிஸ்கோ இதே வேலைக்கு வைத்திருக்கும் விடிபி வேறு வழியில் போகிறது: திருத்த எண் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடும் எண்) பெரிதாக உள்ள வி-லேன் பட்டியலை, அதே விடிபி குழுவில் உள்ள ஸ்விட்சுகள் ஏற்கும். அதன் முதல் இரண்டு பதிப்புகளில், பெரிய எண்ணோடு அதே குழுவின் ஒரு பழைய ஸ்விட்சைச் செருகினால் மொத்தப் பட்டியலும் மாறிவிடும். இதனாலேயே எனக்கு எம்விஆர்பி மேல் நம்பிக்கை அதிகம். எம்விஆர்பி அடங்கிய ஐஇஇஇ 802 தரநிலைகளை, வெளியாகி ஆறு மாதம் கழித்து யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். பொறியியல் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

சரி, எம்விஆர்பியை இயக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்விட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளில் மட்டும் இதை இயக்குங்கள். கணினி செருகும் போர்ட்டிலும் விட்டுவைத்தால், அந்தக் கணினியே “30 வேண்டும்” என்று கேட்டு உள்ளே வரலாம்.