மீட்டர் 9 வோல்ட் காட்டுகிறது, லோடர் ஏன் நின்றுபோகிறது?

பெயிண்ட்பால் துப்பாக்கியின் மேல் உட்கார்ந்து, சாயக் குண்டுகளை மோட்டாரால் உள்ளே தள்ளும் டப்பாதான் லோடர். பழுது பார்க்க வரும் லோடர்களோடு ஒரு வாக்கியமும் கூடவே வரும்: "பேட்டரி புதுசு, மீட்டர் வச்சுப் பார்த்துட்டேன். போர்டுதான் போயிருக்கும்." இந்த முடிவுக்கு அவசரப்பட்டு வந்து நல்ல போர்டை, அதாவது லோடரை இயக்கும் மின்சுற்றுப் பலகையை, கழற்றி எறிந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதைத் தொடுவதற்கும் முன்னால், லோடரைத் துப்பாக்கியிலிருந்து தனியாகக் கழற்றி வையுங்கள். காற்று சிலிண்டரையும் கழற்றி, உள்ளே தங்கியிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள். குழலில் உறை இருக்கட்டும், பாதுகாப்புக் கண்ணாடி முகத்தில் இருக்கட்டும். சோதனைக்காக மோட்டாரைச் சுழற்றினாலே குண்டு கீழே இறங்கிவிடும். லோடரை மட்டும்தானே பார்க்கிறோம் என்று யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சில நாட்களுக்கு முன் ஒருவர் கொண்டுவந்த லோடரில் ஏற்கெனவே வேறு இடத்தில் இரண்டு முறை போர்டு மாற்றியிருந்தார்கள். காலியாக இருக்கும்போது அழகாகச் சுற்றுகிறது. குண்டுகளை நிரப்பினால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு விளக்கு அணைந்து, மறுபடி எரிந்து, மறுபடி அணைகிறது. பேட்டரியைத் தனியே எடுத்து அளந்தேன்: 9.1 வோல்ட். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இந்த அளவு பாதி உண்மைதான். மல்டிமீட்டர் பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. மோட்டாரோ, கிளம்பும் நொடியிலும் குண்டு சிக்கித் திணறும் நொடியிலும், சும்மா சுற்றும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரிக்குள் ஆறு சிறு செல்கள் தொடராக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் உள்தடை உண்டு, பேட்டரி தீரத் தீர அது ஏறும். மொத்தத் தடை 6 ஓம் ஆகிவிட்ட பேட்டரியிலிருந்து அரை ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். போர்டில் இருக்கும் சிப்புக்குத் தேவையான மின்னழுத்தம் கிடைக்காமல் அது அணைந்துவிடும். சிப் அணைந்ததும் மோட்டார் நிற்கும், சுமை விலகும், மின்னழுத்தம் மீண்டும் ஏறும், சிப் மறுபடி விழிக்கும். விளக்கு விட்டுவிட்டு எரிவதன் காரணம் இதுதான். போர்டு கெட்டுப்போனதைப் போலவே தெரியும், ஆனால் போர்டில் ஒரு குறையும் இருக்காது.

அதனால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுமையோடு அளக்க வேண்டும். லோடரில் குண்டு போட்டு, வெளியேறும் வழியை அடைத்துவிட்டு, மீட்டரின் முனைகளைப் பேட்டரியின் இரு முனைகளில் வையுங்கள். அப்புறம் அதே அளவைப் போர்டில் வயர் சேரும் இடத்திலும், கடைசியாக மோட்டாரின் முனைகளிலும் எடுங்கள். திணறவிட்டு அளப்பது இரண்டு மூன்று நொடிக்கு மேல் வேண்டாம், மோட்டார் சூடேறிவிடும். பேட்டரி முனையிலேயே மின்னழுத்தம் சரிந்தால் பேட்டரிதான் காரணம். பேட்டரியில் நன்றாக இருந்து போர்டில் குறைந்தால் நடுவிலிருக்கும் கிளிப் (பேட்டரியில் மாட்டும் இணைப்பு), வயர், ஸ்விட்ச், ஈயப் பற்று ஆகியவற்றில் ஒன்று.

அந்த லோடரில் சுமையோடு பேட்டரி முனையில் 8.2 வோல்ட், போர்டில் 5.1. ஆக, 3 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்திருக்கிறது. கிளிப்பைப் பிரித்துப் பார்த்தேன். பேட்டரியின் குமிழைக் கவ்வும் வளையம் விரிந்து தளர்ந்திருந்தது. சிவப்பு வயரின் இழைகளில் பெரும்பாலானவை உறைக்குள்ளேயே அறுந்திருந்தன. வெளியே பார்த்தால் வயர் முழுசாகத்தான் தெரியும். கிளிப்பை மாற்றியதும் போர்டில் 8 வோல்ட் வந்தது, நிறைத்த குண்டுகளோடு நிற்காமல் ஓடியது. பாவம், அவர் இரண்டு போர்டுக்கான செலவைச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்.

பேட்டரி விஷயத்தில் இன்னொன்று. சாதாரண கார்பன் துத்தநாக பேட்டரி இந்த வேலைக்குத் தாங்காது, ஆல்கலைனே போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரியில் ஒரு நிக்கல் செல் 1.2 வோல்ட்தான் தரும். 1.5 வோல்ட் செல்கள் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் அவற்றை வைத்தால் 9 வோல்ட்டுக்குப் பதில் 7.2தான் கிடைக்கும். உங்கள் லோடருக்கு அது போதுமா என்று கையேட்டைப் பாருங்கள். பழசையும் புதுசையும் கலந்து போடவே கூடாது. வேகம் கூடும் என்று கையேடு சொல்லாத லித்தியம் பாலிமர் பேட்டரியை இணைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வயர் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரியை அழுத்திப் பொருத்தவும் கூடாது.

பேட்டரி, வயர் எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் திணறினால், இயந்திரப் பக்கம் பாருங்கள். உடைந்த குண்டின் ஜெலட்டின் ஓடு பல்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டால் மோட்டாரின் சுமை கூடும், மின்னோட்டமும் கூடும். அப்போது புதுப் பேட்டரிகூடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். குண்டுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. அது போர்டில் படிந்தால் ஈரம் தங்கி, இணைப்புகள் அரித்துப்போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, லேசாக நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு உலரவிடுங்கள். குழாயடியில் காட்டிக் கழுவ வேண்டாம்.

தொடர்பு முனைகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது கசிந்த ஆல்கலைன் காரம், வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரம் காய்ந்ததும் முனைகளை லேசாகத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். ஆட்டம் முடிந்து லோடரைப் பைக்குள் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்தக் கசிவு லோடருக்குள் வராது.