இமைக்குள் எண்ணெய் ஆலை

"மோட்டார் சைக்கிளில் போனால் கண்ணில் தண்ணீர் தாரையாகக் கொட்டுகிறது. கிளினிக்கில் காட்டினால் 'கண் வறட்சி' என்கிறார்கள். கிண்டலா?" என்று கேட்கிறார் சுங்கை சிப்புட் வாசகி ஒருவர். காயப்போட்ட துணி மறுநாளும் ஈரமாய்க் கிடக்கிற ஊரில் கண் மட்டும் எப்படி வறளும் என்ற சந்தேகமும் இதில் ஒளிந்திருக்கிறது.

கிண்டல் இல்லை. கருவிழியைப் போர்த்தியிருக்கும் கண்ணீர்ப் படலத்தின் கனம் ஏறக்குறைய 3 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அடியில் சளி, நடுவில் உப்புநீர், மேலே எண்ணெய். எண்ணெய் குறைந்தால் நீர் ஆவியாகும், மிஞ்சியதில் உப்பு ஏறும், படலம் ஆங்காங்கே கிழியும். உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக ஓடும் இடங்களில் கருவிழியும் ஒன்று. அது எரிந்ததும் கண்ணீர்ச் சுரப்பி பதறிப்போய் மடையைத் திறக்கிறது. வெறும் தண்ணீர் கன்னத்தில்தான் வழியும், கண்ணில் தங்காது.

ஆக, பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு குழாயில் இல்லை, எண்ணெயில். கீழிமையை லேசாக இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். இமைமயிருக்கு உள்பக்கம் ஊசிமுனைத் துளைகள் வரிசையாகத் தெரியும். 1666இல் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். மேலிமையில் 25 முதல் 40, கீழிமையில் 20 முதல் 30. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இமைத் தசை இவற்றைப் பிழிகிறது. மேலிமை எழும்போது கசிந்த எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போய்க் கண்மேல் பூசுகிறது. இந்தப் பூச்சு ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தகுந்த விளக்கொளியில், மழைநாளில் ஒர்க்ஷாப் வாசல் குட்டையில் மிதக்கும் எண்ணெய்போல அது வண்ணம் காட்டும். அந்த வண்ணத்தை வைத்தே கனத்தைக் கணிக்கிறார்கள்!

அடைப்பு எப்படி வருகிறது என்பது செம்பனை வட்டாரத்தில் எளிதில் புரியும். ஆலையிலிருந்து வரும் செம்பனை எண்ணெய் (பாமாயில்) பாதி உறைந்தே இருக்கும். உறைகிற பகுதியைப் பிரித்தெடுத்த பிறகுதான் போத்தலில் தெளிவாக நிற்கிறது. இமை எண்ணெயும் அப்படித்தான். நல்ல எண்ணெய் இமைச் சூட்டிலேயே இளகி ஓடும். அதன் கலவை மாறினால் உருகுநிலை சில டிகிரி ஏறிவிடும். பற்பசைபோலத் தடித்துத் துளையை அடைக்கும். பல ஆண்டுகள் அடைபட்ட சுரப்பி சுருங்கி மறைந்தால் மீண்டும் முளைக்காது. (செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக்கு டன்னுக்கு இவ்வளவு என்று தீர்வை வசூலிக்கிறோம். குலை வெட்டுபவரின் இமை எண்ணெய்க்கும் அதில் கொஞ்சம் ஒதுக்கினால் குடி முழுகிவிடாது என்பது என் கட்சி.)

உறைந்ததை உருக்கச் சூடு வேண்டும். இமைக்கு 40 டிகிரி செல்சியஸ் வாக்கில் பத்து நிமிடம், காலையும் மாலையும். நனைத்த துவாலையில் பலர் தோற்பது இங்கேதான்: இரண்டு நிமிடத்தில் அது ஆறிவிடும். இரண்டு துவாலைகளை மாற்றி மாற்றி வையுங்கள். 45 டிகிரியைத் தாண்டக்கூடாது. முதலில் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு சுத்தமான விரலால் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும், துளைகள் பக்கமாக மெல்ல வருடுங்கள். கண்ணைக் கசக்கக்கூடாது, சூட்டுக்குப் பின் அழுத்தித் தேய்ப்பது கருவிழிக்கு நல்லதல்ல. பலன் தெரிய நான்கைந்து வாரம் ஆகும். பத்தே நாளில் விட்டுவிட்டு 'வேலைக்காகவில்லை' என்பவர்கள்தான் அதிகம்.

பிழிகிற வேலை சிமிட்டலுடையது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை சிமிட்டுபவர் கைப்பேசியில் மூழ்கினால் அதில் பாதிகூடத் தேறாது. அதிலும் பல அரைச் சிமிட்டல். வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் தொழிற்சாலையின் ஏர்கோன் காற்று உலர்ந்ததுதான். திரையைக் கண்மட்டத்துக்குக் கீழே வைத்தால் விழி குறைவாகத் திறந்திருக்கும். படுக்கும்போது மின்விசிறி முகத்துக்கு நேரே வேண்டாம்.

சொட்டு மருந்து துணைக்குத்தான். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸோ சோடியம் ஹையாலுரோனேட்டோ உள்ள செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு போதும், மிச்சம் வழிந்துவிடும். நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தி (மருந்து கெடாமல் காக்கும் ரசாயனம்) சேராத சிறு குப்பிகளைக் கேளுங்கள். வழக்கமான பதப்படுத்தியான பென்சால்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் கருவிழியின் மேல்தோலை அரிக்கும். சிவப்பைப் போக்கும் மருந்து வேறு சமாச்சாரம்: ரத்தக்குழாயைச் சுருக்கும், நிறுத்தினால் முன்னைவிடச் சிவக்கும். சளிக்கும் அரிப்புக்கும் விழுங்கும் மாத்திரைகள் சிலவும் கண்ணை உலர்த்தும். பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரைக்குக் காசு கொட்டுபவர்களுக்கு ஒரு தகவல். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 535 பேரை ஓராண்டு கவனித்தார்கள்; ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட அது மேல் என்று தேறவில்லை. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், தேன் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். வறண்ட கருவிழியில் கிருமி எளிதில் பற்றும், பூஞ்சை பிடித்தால் பார்வையே போகலாம். கண்திருஷ்டிக்கு மிளகாய் சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, புகை கண்ணில் படாதவரை.

வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல் என்றால் துவாலையை ஓரங்கட்டிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வாயும் உலர்ந்து மூட்டும் வலித்தால் ஷோக்ரன் நோய்க்கான (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். வாசகியின் மோட்டார் சைக்கிளுக்கு இன்றே ஒரு வைத்தியம் உண்டு: ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.