டிஹெச்எஃப்பை உலர்த்துதல்: நீல நிறத்தை நம்பலாமா?

டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில், ஆய்வகப் பேச்சில் டிஹெச்எஃப்பில் (THF), 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) நீர் இருந்தால் அது அதிகமா? எடையாகப் பார்த்தால் ஒன்றுமேயில்லை. மோல் கணக்குப் போட்டால்தான் வில்லங்கம் தெரியும். 20 மி.லி. டிஹெச்எஃப் ஏறக்குறைய 18 கிராம். அதில் 100 பிபிஎம் என்பது 1.8 மில்லிகிராம் நீர், அதாவது 0.1 மில்லிமோல். 1 மில்லிமோல் அளவில் வினை நடத்தி 5 மோல் சதவீதம் வினையூக்கி போட்டால், வினையூக்கி 0.05 மில்லிமோல்தான். குடுவைக்குள் நீர் அதைப் போல இரு மடங்கு! நீரோடு உடனே வினைபுரியும் பியூட்டைல் லித்தியத்தை 1 மில்லிமோல் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்கு அந்த நீருக்கே பலி.

சோடியமும், நிறங்காட்டியாகப் பென்சோஃபீனோனும் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆழ்ந்த நீலம் வந்ததும் வடித்தெடுப்பது பழைய வழக்கம். நீலம் வந்தால் நீர் போய்விட்டது என்று பொருள் கொண்டார்கள். ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸும் லாட்டனும் 2010இல் இதைக் கார்ல் ஃபிஷர் என்ற நீர் அளக்கும் முறையில் அளந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் 100 பிபிஎம்முக்குச் சற்று மேல் நீர் கொண்டிருந்த டிஹெச்எஃப், சோடியத்தோடு இருந்த பிறகும் 40 பிபிஎம்முக்கு மேலேயே நின்றது. 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறுச் சல்லடையில் சில நாள் ஊறியதோ 10 பிபிஎம்முக்கும் கீழே இறங்கியது. தீப்பிடிக்கும் ஆபத்தையும் சேர்த்துப் பார்த்தால், சோடியக் குடுவையை இன்னும் கட்டி அழ நல்ல காரணம் இல்லை.

இந்தச் சல்லடை என்பது நுண்துளைகள் நிறைந்த 'ஏ' வகை சியோலைட் கனிமம், சிறு மணிகளாக வருகிறது. அதன் துளை வாயில் பொட்டாசியம் அயனிகள் உட்கார்ந்திருப்பதால் வாயின் அகலம் 3 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குச் சுருங்குகிறது. நீர் நுழையும், டிஹெச்எஃப் நுழையாது. சோடியம் அயனி கொண்ட 4 ஆங்ஸ்ட்ராம் வகையில் மெத்தனாலும் நுழைந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 3ஐயே வாங்கி வைத்தால் குழப்பம் இல்லை.

பெரும்பாலோர் சறுக்குவது மணிகளைத் தயார் செய்வதில். டப்பாவிலிருந்து நேரே கொட்டினால் பலன் இல்லை. காற்றிலிருந்து ஏற்கெனவே நீரைக் குடித்திருக்கும். 1 லிட்டர் டிஹெச்எஃப்புக்கு 200 கிராம் மணி தேவை. அதில் 1 சதவீதம் நீர் தங்கியிருந்தாலே 2 கிராம். உலர்த்த வேண்டிய கரைப்பானில் 100 பிபிஎம் கணக்கில் இருப்பதோ 89 மில்லிகிராம்தான்! நீரால் நிரம்பிவிட்ட மணியைப் போட்டால் கரைப்பான் உலர்வதற்குப் பதிலாக ஈரமாகவும் கூடும். எனவே 300 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் சூடாக்கி, வெற்றிடத்திலோ உலர் நைட்ரஜனிலோ ஆறவிட வேண்டும். சாதாரண 110 டிகிரி அடுப்பு இதற்குப் போதாது. சரிபார்க்க ஒரு சுருக்கு வழி: ஆறிய நாலைந்து மணிகளைக் கையுறை போட்ட உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு நீர் விடுங்கள். சுரீரென்று சுட்டால் மணி தயார், வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் மறுபடி அடுப்புக்கு.

ஆறிய மணிகளை உலர்ந்த குடுவையில் இட்டு, நைட்ரஜன் சூழலில் டிஹெச்எஃப்பை ஊற்றி, 48 முதல் 72 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். காந்தக் கலக்கி போடக்கூடாது. மணிகள் அரைபட்டு மாவாகி ஊசி வழியே வினைக்குள் வந்துவிடும். அவ்வப்போது குடுவையைச் சுழற்றினால் போதும்.

சல்லடை எடுப்பது நீரை மட்டுமே. ஆக்சிஜன் அப்படியே இருக்கும். ஆக்சிஜன் ஆகாத பலேடியம்–பாஸ்பீன் வினைகளுக்குக் கரைப்பானை உறையவைத்து, காற்றை இழுத்து, உருகவிடும் சுற்றை மூன்று முறை செய்வது வழக்கம். நாளடைவில் உருவாகும், வெடிக்கக்கூடிய பெராக்சைடைத் தடுக்கச் சேர்த்த பிஹெச்டி (BHT) என்ற பொருளும் போகாது. அது இல்லாத டிஹெச்எஃப் வாங்கினால் திறந்த தேதியைப் போத்தலில் எழுதி, அமிலம் சேர்த்த பொட்டாசியம் அயோடைடு கரைசலால் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சளோ பழுப்போ தட்டினால் அதை வடிக்கவோ ஆவியாக்கவோ கூடாது.

அசிட்டோனுக்கு இந்த முறை ஆகாது. மணிகளின் காரத்தன்மையால் அசிட்டோன் மூலக்கூறுகள் தமக்குள் ஆல்டால் வினையில் சேர்ந்து, வேறு பொருளாகிவிடும்.

பயன்படுத்திய மணிகளை மீண்டும் சூடாக்கலாம். ஆனால் மேலே ஒட்டியிருக்கும் டிஹெச்எஃப் புகைக்கூண்டுக்குள் முழுக்க ஆவியான பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் அடுப்பே தீப்பிடிக்கும்.